கொழும்பில இருந்து கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு வீக்கெண்ட்: பிளான் போடுறது எப்பிடி

திருகோணமலைக்கு குடும்பத்தோட போறதெண்டால் எங்கட ஆக்கள் முதல்ல ரூம் பாப்பினம், பிறகு பீச் பாப்பினம், கன்னியாவ மட்டும் ‘திரும்பி வரேக்க ஒருக்கா எட்டிப் பாப்பம்’ எண்டு கடைசிக்குத் தள்ளிடுவினம். போய்ச் சேரேக்க மத்தியானம் ஒரு மணி, மேல வெயில், கீழ சுடுதண்ணி, பிள்ளையள் கத்தத் தொடங்கிடுங்கள். அதால பிளானை மறுவளமாப் போடுங்கோ. கன்னியாவ ஞாயிறு விடிய வச்சிட்டு மிச்சத்தை அதைச் சுத்தி அடுக்குங்கோ.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு வெள்ளவத்தையால வெளிக்கிட்டால் ட்ரபிக் தொடங்க முதல் கடவத்தையைத் தாண்டலாம். மீரிகமவில எக்ஸ்பிரஸ்வே ஏறி குருநாகல், பிறகு தம்புள்ள, ஹபரண, கந்தளாய், கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், நிண்டு சாப்பிட்டு ஆறுதலாப் போனா ஆறேழு மணித்தியாலம். ஹபரணைக்கு அங்கால யானை றோட்டைக் கடக்கும், இரவில அந்தப் பக்கம் ஓடாதேங்கோ. மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும்தான் கடல் அமைதி, நவம்பர், டிசம்பர்ல மழைதான்.

உப்புவெளிப் பக்கம் ரூம் எடுத்தால் ரவுணும் கிட்ட, கடலும் கிட்ட. பின்னேரம் வெயில் தாழ கோணேசர் கோயில். போர்த்துக்கீசர் 1622ல பழைய கோயிலை இடிச்சு அந்தக் கல்லுகளை கோட்டை கட்ட எடுத்தவை, இப்பவும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளாலதான் கோயிலுக்குப் போகோணும். உள்ளுக்கு புள்ளிமான் சுத்தித் திரியும், அருச்சனைத் தட்டில இருக்கிற வாழைப்பழத்தை சின்னப் பிள்ளையளின்ர கையில குடுத்திடாதேங்கோ, மான் முந்திடும்.

இனி கன்னியா. ரவுணில இருந்து அனுராதபுரம் றோட்டால ஏழெட்டுக் கிலோமீற்றர். திறக்கிற நேரத்தை ரூம்காரரிட்ட முதல் நாளே கேட்டு வையுங்கோ, ரிக்கெட்டுக்கு சில்லறைக் காசு கொண்டு போங்கோ. இந்த ஊற்றுகளை கிணறு எண்டுதான் சொல்லுறது, ஆனா கிணறு எண்டவுடன ஆழமா நினைக்காதேங்கோ, சதுரமா கட்டின ஏழு சின்னத் தொட்டி மாதிரி, தண்ணி தெளிவா, அடி தெரியும். உள்ளுக்கு இறங்கிறேல்ல, வாளியால அள்ளி ஊத்துறதுதான். கிணத்துக்குக் கிணறு சூடு கொஞ்சம் வித்தியாசப்படும், அதுதான் இதின்ர விசேஷமே, அதால கையை விட்டுப் பாத்து சூடு குறைஞ்சதில தொடங்கி ஒவ்வொண்டா கூடினதுக்குப் போங்கோ, பிள்ளையளுக்கு முதல் காலுக்கு, பிறகு தோளுக்கு, தலைக்கு கடைசியா. அம்மம்மாக்கு முழங்காலில ஊத்தி விட்டால் போதும், அவ அங்கயே இருந்திடுவா. சோப், ஷம்பூ வேண்டாம். உடுப்பு மாத்த வசதி இருக்கும் எண்டு நம்பாமல் பெரிய துவாயும் ஒரு சாரமும் வானுக்குள்ள வையுங்கோ, பொம்பிளையள் நனைஞ்சாலும் ஒட்டாத கறுப்புத் துணி போட்டால் சுகம்.

பிள்ளையள் ஏன் சுடுது எண்டு கேக்குங்கள். இராவணன் தாய்க்கு கருமம் செய்ய நிலத்தில ஏழு இடத்தில குத்தினதாம் எண்டு அம்மம்மா சொல்லுவா. மற்றக் கதை, இலங்கையில எரிமலை ஒண்டும் இல்ல, மழைத்தண்ணி ஆழமா இறங்கி, கீழ இருக்கிற வெக்கையில சூடாகி, பாறை வெடிப்புக்குள்ளால திரும்ப மேல வருது. ரெண்டையும் சொல்லுங்கோ, எங்கட வீட்டில முதலாவதுதான் எடுபட்டது.

அங்க அந்தியேட்டி, அதாவது செத்த ஆக்களுக்கான கிரியை, செய்ய வாற குடும்பங்களும் இருப்பினம், ஆடி அமாவாசைக்கு சனம் நிறையும், அண்டைக்கு பிக்னிக்குக்குப் போகாதேங்கோ. மற்ற நாளிலயும் அவை கிரியை செய்யேக்க செல்ஃபியை நிப்பாட்டி ஒதுங்கி நிண்டால் மரியாதை.

அரை மணித்தியாலம், மிஞ்சினா முக்கால், அதுக்கு மேல அங்க வேலை இல்ல. ரூமுக்கு வந்து காலைச் சாப்பாடு முடிச்சு பத்து மணிக்கு வெளிக்கிடுங்கோ. கந்தளாயில சட்டித் தயிர் வாங்கிறதெண்டால் டிக்கிக்குள்ள வைக்காமல் முன் சீட்டுக் கால்மாட்டில வையுங்கோ, இல்லாட்டி தம்புள்ளைக்கு முதலே கவிண்டிடும்.