மொசெல் சரிவின் ரீஸ்லிங்: ஒரு பாட்டிலை மூன்று நாள் குடிப்பது எப்படி

ஜெர்மனியின் ட்ரியர் நகருக்குக் குடிவந்த முதல் வருடம் ஒரு மொசெல் ரீஸ்லிங் வாங்கினேன். மொசெல் ஆற்றங்கரைச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் என்ற திராட்சையின் வெள்ளை ஒயின் அது. திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை அடித்தது. கெட்டுவிட்டது என்று நினைத்து முழுவதையும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அடுத்த அக்டோபரில், ஆற்றின் நடுப்பகுதியில் இயற்கை முறையில் பயிரிடும் ஒருவரிடம் நான்கு நாள் திராட்சை பறிக்கப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். "அரை மணி நேரம் பொறுத்திருக்கலாமே" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் கொட்டிய பாட்டிலுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பது அந்த நான்கு நாளில் எனக்கும் புரிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடையில். மொசெல் ரீஸ்லிங் இனிப்பாகவும் வரும், இனிப்பில்லாமலும் வரும். பாட்டில் இரண்டுக்கும் ஒன்றுதான், ஒல்லியான கழுத்து நீண்ட பச்சைப் பாட்டில். இனிப்பில்லாதது வேண்டுமென்றால் லேபிளில் 'ட்ரோக்கன்' என்ற சொல்லைத் தேடுங்கள். லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை மிஞ்சியிருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் புளிப்பின் அளவு சர்க்கரையைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. புளிப்பு அப்படி ஈடுகொடுப்பதால் நாக்குக்கு இனிப்பு தெரியாது. 'ஃபைன்ஹெர்ப்' என்று இருந்தால் லேசான இனிப்பு உண்டு, அதற்குச் சட்டப்படி அளவு கிடையாது. 'காபினெட்', 'ஷ்பேட்லேஸெ' என்பவை பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் சொல்கின்றன. ஒயின் இனிக்குமா என்பதை அல்ல. குழம்பினால் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் சர்க்கரை நொதிக்காமல் நின்றுவிட்டது, நிச்சயம் இனிக்கும். 11.5, 12 என்றால் பெரும்பாலும் இனிப்பிருக்காது.

அப்புறம் பச்சை இலைச் சின்னம். நட்சத்திரங்களால் ஆன அந்த இலையும், அதன் பக்கத்தில் 'டிஇ-ஓகோ' என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் இயற்கை விவசாயத்துக்கான ஐரோப்பிய விதிகளின்படி சோதிக்கப்பட்டது. ஜெர்மன் இயற்கை ஒயின் விவசாயிகளின் சங்கமான 'எகோவின்' முத்திரையையும் சில பாட்டில்களில் பார்க்கலாம். 1985 முதல் இருக்கும் சங்கம் அது.

இடத்தின் பெயரில் ஏமாறாதீர்கள். 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரேப்ஷென்' ஒரு தனிச் சரிவு. 'பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்' என்பதோ பரந்த வட்டாரத்துக்கு வைத்த பொதுப்பெயர், சமதள நிலங்களும் அதில் அடக்கம். முதல் சொல் ஒன்றாக இருப்பதால் கடையில் கை தவறான பாட்டிலுக்குப் போய்விடும்.

நான் பறிக்கப் போன சரிவில் நின்று பார்த்தால் விலை ஏன் கூடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 30 சதவீதத்துக்கு மேல் சாய்ந்தாலே அங்கே செங்குத்து நிலம் என்பார்கள். ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவில் சில இடங்கள் 60 பாகையைத் தாண்டுகின்றன. நான் பறித்த இடம் அதில் பாதிகூட இருக்காது. அதற்கே முதல் நாள் மாலையில் கணுக்கால் நடுங்கியது. காலடியில் மண்ணே தெரியாது, எல்லாம் சிலேட்டுச் சில்லுகள். நம் பள்ளிக்கூடச் சிலேட்டுக்குப் பயன்பட்ட அதே வகைக் கல். சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தது. பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல விடும். தண்ணீரைத் தேக்காது, அதனால் வேர் ஆழமாக இறங்கும். ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு கம்பம், அதில் இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். கூடைகள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறியிறங்கும் சின்ன வண்டியில் போகும். மற்றதெல்லாம் கைவேலை.

இதில் இயற்கை முறை இன்னும் கடினம். கொடியைத் தாக்கும் பூஞ்சையான அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக அவர்களிடம் இருக்கும் முக்கிய ஆயுதம் செம்பு. அதையும் ஜெர்மனியில் பொதுவாக ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 3 கிலோவுக்கு மேல் தெளிக்கக் கூடாது. மழை அதைக் கழுவிவிட்டால் மறுபடி ஏற வேண்டும். பல சரிவுகளில் மற்றவர்களுக்கு ஹெலிகாப்டர் வந்து மருந்து தெளித்துவிட்டுப் போகிறது. நான் பறிக்கப் போன விவசாயியோ நீளக் குழாயை இழுத்துக்கொண்டு நடக்கிறார். 2021-இன் ஈரமான கோடையைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஆனால் குடிப்பதற்கு 20 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். 10 முதல் 12 பாகை செல்சியஸ் போதும். பனிபோல் குளிர்ந்திருந்தால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும், வாசனை வராது. அடியில் கண்ணாடித் தூள்போல ஏதாவது மின்னினால் பயம் வேண்டாம்: திராட்சையின் அமிலம் குளிரில் உப்பாகப் படிந்தது, கெடுதல் இல்லை. தீக்குச்சி வாடை வந்தால், தோட்டத்திலும் நிலவறையிலும் தானாக இருக்கும் ஈஸ்ட்டில் நொதித்த ஒயின்களில் அது சகஜம். கண்ணாடிக் குவளையிலோ கூஜாவிலோ ஊற்றி வைத்து, அரை மணி கழித்து முகர்ந்து பாருங்கள். அதே பாட்டிலில் எலுமிச்சைத் தோலும் பச்சை ஆப்பிளும் வரும். மழை விழுந்த கல்லின் வாசனையும் எனக்குக் கிடைக்கும். வயதான ரீஸ்லிங்கில் லேசாக மண்ணெண்ணெய் வாடை வந்தாலும் அது பழுது அல்ல, இந்தத் திராட்சையின் சுபாவம்.

ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். முதல் நாள் ஒரு குவளை, மூடி மறுபடி குளிரில். இரண்டாம் நாள் கூர்மை அடங்கி, வாயில் அகலமாகப் பரவும். மூன்றாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பியூண்டெரிஷ் ஊரில் கிளெமென்ஸ் புஷ் குடும்பத்தார் தங்கள் மரியன்பூர்க் சரிவின் ஒயினைக் கல்லின் நிறப்படி சாம்பல், நீலம், சிவப்பு என்று பிரித்து அடைக்கிறார்கள். அவற்றில் இரண்டை ஒன்றாகத் திறந்து மூன்று நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் தெரியாத வித்தியாசம் மூன்றாம் நாள் தெளிவாகத் தெரிந்தது எனக்கு.

சாப்பாட்டோடு என்றால் ஆற்று மீன் வறுவல் பொருந்தும். மே மாதத்தில் வெள்ளை ஆஸ்பரகஸ் இன்னும் நன்றாகப் பொருந்தும். நம் வீட்டுச் சமையலில் மஞ்சளும் மிளகும் போட்டு வறுத்த மீனுக்குச் சரி. மிளகாய்க் காரம் ஏறிய குழம்போடு வேண்டாம். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும். அன்றைக்கு ஃபைன்ஹெர்ப் எடுத்துக்கொள்ளுங்கள்.