எஸ்எஸ்ஆர் சைட்டை எட்ஜ்ல ஏத்தப் போறீங்களா, இதைப் பாத்துட்டு ஏத்துங்க

எஸ்எஸ்ஆர்னா பக்கத்தை சர்வர்லயே எச்டிஎம்எல் ஆக்கி அனுப்புறது, எட்ஜ்னா யூசருக்குப் பக்கத்துலயே பல ஊர்ல பரவி இருக்கிற சர்வர்கள். டெப்ளாய் கமாண்டு அடிக்க ஒரு நிமிஷம்தான் ஆகும், அதுல ஒன்னும் பெரிய விஷயம் இல்ல. ஆனா அதுவரைக்கும் நோட் சர்வர்ல ஒழுங்கா ஓடிட்டு இருந்த சைட்டு எட்ஜ்ல ஏறின உடனே 500ன்னு சர்வர் எரர் காட்டும், லாக்கைத் திறந்தா சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு எரர் நிக்கும். நம்ம நோட் சர்வரையே நாலு ஊருக்கு காப்பி எடுத்து வைக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டு போறதால வர்ற வினை இது. அங்க ஓடுறது நோடே இல்ல.

நான் இங்க எடுத்துக்கிறது க்ளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ், ஃப்ரேம்வொர்க் ஸ்வெல்ட்கிட். ஆஸ்ட்ரோ, நக்ஸ்ட் வச்சிருக்கவங்களுக்கு அடாப்டர், பிரீசெட் (பில்டை ஓடப் போற இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிறது) பேரு மாறும், மத்த தலைவலியெல்லாம் அதேதான்.

வொர்க்கர்ஸ்ல ஓடுறது குரோம் உள்ள இருக்கிற அதே வி8 இன்ஜின். ஒவ்வொரு சைட்டுக்கும் தனி மெஷின், தனி ப்ராசஸ்னு எதுவும் கிடையாது, ஐசோலேட்னு ஒரு சின்ன தடுப்பு போட்டு அதுக்குள்ள நம்ம கோடை ஓட்டுறாங்க, அதனாலதான் டக்குனு எழுந்திருக்குது. மெமரி 128 எம்பி. ஃப்ரீ பிளான்ல ஒரு நாளைக்கு 1 லட்சம் ரிக்வெஸ்ட், ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 10 மில்லிசெகண்ட் சிபியு டைம். 10தானான்னு பயப்படாதீங்க, டேட்டாபேஸ் பதில் சொல்ற வரைக்கும் சும்மா காத்திருக்கிற நேரம் இதுல சேராது, கோடு நெஜமாவே கணக்கு போடுற நேரம் மட்டும்தான் சேரும். ஆனா நீளமான பக்கம் ஒன்னை ரெண்டர் பண்றதே சில சமயம் இதைத் தின்னுடும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

முதல் வேலை, பேக்கேஜ் லிஸ்ட்டைத் திறந்து ஒவ்வொன்னா பாருங்க. சி++ல கம்பைல் ஆகி வர்ற நேட்டிவ் பேக்கேஜ் எதுவும் அங்க ஓடாது. படம் சுருக்க ஷார்ப் வச்சிருந்தா கழட்டணும், அந்த வேலையை பில்டுலயே முடிச்சுடுங்க இல்லன்னா தனி இமேஜ் சர்வீஸுக்குத் தள்ளுங்க. பாஸ்வேர்டுக்கு பீகிரிப்ட் வச்சிருக்கீங்களா, அதுவும் ஓடாது. சரி சுத்த ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின பீகிரிப்ட்ஜேஎஸ் போட்டுக்கலாம்னு போனா அது ஓடும், ஆனா அந்த 10 மில்லிசெகண்டை ஒரே வாய்ல முழுங்கிட்டு ரிசோர்ஸ் லிமிட் தாண்டிடுச்சுன்னு 1102 எரர் குடுக்கும். பேசாம லாகினை வேற சர்வீஸ்கிட்ட விட்டுடுறது நல்லது, இல்ல பெய்டு பிளான். அப்லோடு ஃபைலை லோக்கல் ஃபோல்டர்ல எழுதி வைக்கிற கோடு இருந்தா அதையும் மாத்தணும், அங்க நமக்குன்னு நிரந்தரமா ஒரு டிஸ்க் கிடையாது, ஆர்2 மாதிரி ஸ்டோரேஜ்லதான் வைக்கணும்.

அடாப்டர் மாத்துறது சுலபம். இப்ப இருக்கிற அடாப்டரை எடுத்துட்டு க்ளவுட்ஃப்ளேர் அடாப்டரை இன்ஸ்டால் பண்ணி ஸ்வெல்ட் கான்ஃபிக்ல ஒரு வரி மாத்தினா போதும். அப்புறம் ராங்லர் (க்ளவுட்ஃப்ளேரோட கமாண்டு லைன் டூல்) கான்ஃபிக் ஃபைல்ல நாலு விஷயம் வேணும்: வொர்க்கரோட பேரு, பில்டு ஆகி வர்ற வொர்க்கர் ஃபைல் எங்க இருக்கு, ஸ்டாட்டிக் அசெட் ஃபோல்டர் எது, காம்பாட்டிபிலிட்டி தேதி. இந்த தேதியை பலபேர் கண்டுக்காம எங்கயோ கிடைச்ச பழைய கான்ஃபிக்ல இருந்து அப்படியே எடுத்துப் போட்டுடுறாங்க. ரன்டைம் எந்த நாள் வழக்கப்படி நடந்துக்கணும்னு அதுதான் சொல்லுது. நோட்ஜேஎஸ் காம்பாட்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, அதைப் போட்டு தேதியை 2024 செப்டம்பர் 23 இல்ல அதுக்குப் பின்னாடி வச்சாதான் பஃபர், ஸ்ட்ரீம் மாதிரி நோட் சமாச்சாரமெல்லாம் ஓரளவுக்கு முழுசா கிடைக்கும். புது ப்ராஜெக்ட்னா இன்னைக்கு தேதியைப் போட்டுடுங்க.

அடுத்தது டெஸ்ட், இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. வீட் டெவ் சர்வர்ல நம்ம சர்வர் கோடு நோட்லதான் ஓடும், அதனால ஷார்ப்பும் ஓடும், ஃபைல் எழுதுறதும் நடக்கும், எல்லாம் பச்சையா தெரியும். பில்டு பண்ணிட்டு ராங்லர் டெவ் போட்டுப் பாருங்க, அது வொர்க்கர்டிங்கிற அதே ரன்டைமை நம்ம மெஷின்லயே ஓட்டும், மேல போய் உடைய வேண்டியது இங்கயே உடையும். ராங்லர் டெப்ளாய் கூட டிரை ரன் ஃப்ளாக் சேத்து ஒரு தடவை அடிச்சா எதையும் ஏத்தாம பண்டில் (ஏத்தப் போற மொத்த கோடு) சைஸை மட்டும் சொல்லும். சுருக்கின பிறகு 3 எம்பிக்குள்ள இருக்கணும், அது ஃப்ரீ பிளான் கணக்கு, பெய்டுல 10 எம்பி.

சீக்ரெட் விஷயத்துல ஒன்னே ஒன்னு. ஸ்வெல்ட்கிட்ல ஸ்டாட்டிக் என்வ்ல இருந்து இம்போர்ட் பண்ணா அந்த வேல்யூ பில்டு நேரத்துலயே கோடுக்குள்ள ஒட்டிக்கும், அப்புறம் டாஷ்போர்டுல தலைகீழா நின்னு மாத்தினாலும் மறுபடி பில்டு பண்ற வரைக்கும் மாறாது. பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாம் டைனமிக் என்வ் இல்லன்னா பிளாட்ஃபார்ம் என்வ் வழியா எடுங்க. ப்ரொடக்ஷனுக்கு ராங்லர் சீக்ரெட் புட், லோக்கலுக்கு டாட் டெவ் வார்ஸ் ஃபைல், அந்த ஃபைலை கிட் இக்னோர்ல சேக்க மறக்காதீங்க.

இப்ப டேட்டாபேஸ். எட்ஜ்ல போட்டா வேகமா இருக்கும்னு சொல்றதுல பாதி உண்மைதான் இருக்கு. பக்கத்தை ரெண்டர் பண்ற கோடு யூசர் பக்கத்துல வந்துடுச்சு சரி, டேட்டாபேஸ் வந்துச்சா? அது எங்கயோ ஒரே ஒரு இடத்துல உக்காந்திருக்கு. ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், டேட்டாபேஸ் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா ஒரு தடவை போய்ட்டு வரவே குறைஞ்சது 100 மில்லிசெகண்ட். உங்க லோட் ஃபங்ஷன்ல ஒன்னு முடிஞ்சு ஒன்னுன்னு அஞ்சு குவெரி போகுதுன்னு வைங்க, அரை செகண்டு அதுலயே காலி. பழைய சர்வர்ல டேட்டாபேஸ் அதே டேட்டாசென்டர்ல பக்கத்து ரேக்ல இருந்திருக்கும், அதனால இந்த அஞ்சு குவெரி உறைச்சே இருக்காது. இதுக்கு வழி என்னன்னா, ஒன்னை ஒன்னு நம்பி இல்லாத குவெரியை ப்ராமிஸ் ஆல்ல சேத்து ஒரே நேரத்துல அனுப்புங்க, அப்படியும் ஆகலைன்னா ஸ்மார்ட் ப்ளேஸ்மென்ட்டை ஆன் பண்ணுங்க, அது வொர்க்கரை டேட்டாபேஸ் பக்கமா நகத்தி ஓட்டும், சிஎஸ்எஸ் படமெல்லாம் யூசர் பக்கத்துல இருந்தே போகும். எட்ஜ்ல போட்டுட்டு எட்ஜ்ல ஓடவேணாம்னு சொல்றதான்னு சிரிப்பு வரும், ஆனா குவெரி நிறைய இருக்கிற சைட்டுக்கு இதுதான் சரி. போஸ்ட்கிரெஸ் வச்சிருந்தா நடுவுல ஹைப்பர்டிரைவ் போட்டுக்கோங்க, கனெக்ஷனைத் திறந்தே வச்சு பகிர்ந்துக் குடுக்கும்.

நான் மாட்டினது ஒன்னு சொல்றேன். நோட்ல பழகின கையாச்சே, டேட்டாபேஸ் கிளையன்ட்டை ஃபைலோட மேலயே ஒரு தடவை உருவாக்கி எல்லா ரிக்வெஸ்ட்டுக்கும் அதையே குடுத்தேன். முதல் தடவை பக்கம் அழகா வந்துச்சு, ரிஃப்ரெஷ் பண்ணா 500, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா திரும்ப வருது, திரும்ப போகுது. லாக்ல பாத்தா இன்னொரு ரிக்வெஸ்ட்டோட சார்பா ஐஓ (வெளிய தரவு அனுப்புறது, வாங்குறது) பண்ண முடியாதுங்கிற அர்த்தத்துல ஒரு வரி. ஒரு ரிக்வெஸ்ட்ல திறந்த கனெக்ஷனை இன்னொரு ரிக்வெஸ்ட் தொடக்கூடாது, அதுதான் அங்க சட்டம். ஐசோலேட் புதுசா எழுந்தா முதல் ஆளுக்கு மட்டும் வேலை செய்யும், அதனாலதான் வந்து வந்து போச்சு. ஹூக்ஸ் சர்வர் ஃபைல்ல ஹேண்டில் உள்ள ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் கிளையன்ட்டை உருவாக்கி லோக்கல்ஸ்ல (அந்த ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் இருக்கிற இடம்) வச்சேன், சரியாயிடுச்சு.

கேஷ் போடுறப்ப நிதானமா இருங்க. வொர்க்கர் அனுப்புற பதிலை கேஷ் ஏபிஐ வச்சு எடுத்து வைக்கலாம், ஸ்வெல்ட்கிட்டோட க்ளவுட்ஃப்ளேர் அடாப்டர் பதில்ல கேஷ் கன்ட்ரோல் ஹெட்டர் இருந்தா அதைப் பாத்து இந்த வேலையைத் தானே செஞ்சுடும். அது அந்தந்த டேட்டாசென்டரோட கேஷ், ஒரு இடத்துல வச்சா இன்னொரு இடத்துல இருக்காது. சும்மா குடுக்கிற வொர்க்கர்ஸ் டாட் டெவ் முகவரில அது வேலையும் செய்யாது, சொந்த டொமைன்லதான் டெஸ்ட் பண்ணணும். செட் குக்கி இருக்கிற பதிலை அது சேத்து வைக்காது, அதுவரைக்கும் நல்லது. ஆனா ஏற்கனவே லாகின் ஆன ஆளுக்குப் போற பதில்ல செட் குக்கியே இருக்காதே! மேல வணக்கம் போட்டு அவர் பேரோட ரெண்டர் ஆன பக்கம் அப்படியே கேஷ்ல உக்காந்து அடுத்து வர்றவருக்கும் அதே பேரைக் காட்டும். அதனால ரிக்வெஸ்ட்ல செஷன் குக்கி இருந்தா கேஷ் பக்கமே போகாதீங்க.

இதெல்லாம் முடிச்சாச்சுன்னா ராங்லர் டெப்ளாய். இன்னொரு டெர்மினல்ல ராங்லர் டெய்ல் ஓடட்டும், சைட்ல நாலு பக்கம் கிளிக் பண்ணுங்க, எரர் வந்தா அப்பவே கண்ணு முன்னாடி விழும். சொந்த டொமைன் சேக்கும்போது அந்த பேருக்கு ஏற்கனவே சிநேம் ரெக்கார்டு (வேற பேருக்குத் திருப்பி விடுற டிஎன்எஸ் பதிவு) இருந்தா கஸ்டம் டொமைன் ஏத்துக்காது, அதை அழிச்சுட்டு சேருங்க, சர்ட்டிஃபிகேட் தானா வந்துடும். பக்கத்துல தேதி நேரம் காட்டுறீங்கன்னா அதையும் ஒரு பார்வை பாருங்க, அங்க நேரம் யுடிசி, சர்வர் ஒரு மணி சொல்லும் பிரவுசர் வேற மணி சொல்லும், ஹைட்ரேஷன்ல (சர்வர் அனுப்பின பக்கத்தை பிரவுசர்ல இருக்கிற ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்கிற நேரம்) கண்ணு முன்னாடியே எழுத்து மாறி குதிக்கும்.

ஏத்தினது சொதப்பினா ராங்லர் ரோல்பேக், முந்தின வெர்ஷன் திரும்ப வந்துடும். கோடு மட்டும்தான் திரும்பும், டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு நெடுவரிசையை (காலம்) அழிச்சிருந்தா அது வராது, அதனால நெடுவரிசையை அழிக்கிற மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற வேலை) மட்டும் ரெண்டு நாள் தள்ளிப் போட்டு தனியா ஓட்டுங்க.