ரோபோ கை வேகமாகவும் அதிராமலும் ஓட: எதை முதலில் மாற்றுவது?

ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. லேத்துக்குப் பீஸ் போட்டு எடுக்கும் ஆறு ஆக்சிஸ் ரோபோக்கள் நிறைய ஓடுகின்றன. சைக்கிள் டைம் குறையணும் என்றதும் பலர் நேராக வேக சதவீதத்தில் கை வைக்கிறார்கள். அது கடைசி வேலை. நேரம் அதிகம் வீணாவது, வழியில் நின்று நின்று கிளம்புவதில்தான். கீழே வருபவை ஃபானக் கட்டளைகள்; மற்ற கம்பெனி ரோபோக்களுக்கும் வரிசை இதேதான்.

படி 1: பேலோட்

பேலோட் என்பது கை தூக்கும் சுமை. பீஸைப் பிடிக்கும் கிரிப்பரின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் சரியாகக் கொடுங்கள். வெறும் கிரிப்பருக்கு ஒன்று, பீஸோடு சேர்த்து ஒன்று என இரண்டு பேலோட் ஷெட்யூல் வைத்து, பிடித்ததும் விட்டதும் ப்ரோகிராமிலேயே மாற்றுங்கள். எடையைக் குறைத்துப் போட்டால் நிற்கும் இடத்தில் கை ஆடும், காரணமில்லாமல் கொலிஷன் (மோதல்) அலாரம் வரும்.

படி 2: ஜே-யா, எல்-ஆ

ஜே என்றால் மூட்டுகள் தன் போக்கில் திரும்பிப் போகும் நகர்வு; எல் என்றால் கிரிப்பர் நேர்கோட்டில் போகும் நகர்வு. திறந்த வெளியில் ஜே. லேத்தில் பீஸைப் பிடிக்கும் சக்கை (chuck) நெருங்கும் கடைசி 50 முதல் 100 மி.மீ. மட்டும் எல். ஐந்தாம் ஆக்சிஸ் 0 டிகிரியை ஒட்டி வரும்போது எல்-இல் ஓட்டினால் நான்காவதும் ஆறாவதும் திடீரெனச் சுழலும். கை வெட்டி இழுக்கும். அந்த இடத்தில் ஜே போடுங்கள், முடியாவிட்டால் கிரிப்பரைச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள்.

படி 3: ஃபைனைக் குறையுங்கள்

அதிக லாபம் இங்கேதான். ஃபைன் என்றால் கை அந்தப் பாயிண்ட்டில் சரியாக நின்று கிளம்பும்; சி.என்.டி. என்றால் நிற்காமல் கடந்து போகும். பிடிக்கும், விடும் பாயிண்ட் மட்டும் ஃபைன். வழிப் பாயிண்ட்டெல்லாம் சி.என்.டி. 50 அல்லது 100.

கணக்குப் பாருங்கள். வேகம் நொடிக்கு 1000 மி.மீ., முடுக்கம் 5000 மி.மீ./நொடி² என்றால், ஒருமுறை நின்று கிளம்ப 0.2 நொடி போகும். இரண்டு நிறுத்தங்களை எடுத்தால் 8 நொடி சைக்கிள் 7.6 ஆகும். எட்டு மணி ஷிப்டில் 3600 பீஸ் 3789 ஆகிறது.

ஒரு எச்சரிக்கை: சி.என்.டி. மூலையை வெட்டிப் போகும். வேகம் கூடக்கூட அதிகமாக வெட்டும். 10 சதவீத வேகத்தில் லேத் கதவைத் தொடாத கிரிப்பர் 100-இல் இடிக்கலாம்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

டி1 என்ற கைமுறைச் சோதனை மோடில் வேகம் நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாது, அதில் சைக்கிள் டைம் எடுக்காதீர்கள். வேலிக் கதவைச் சாத்தி, வெளியே நின்று, ஆட்டோவில் 25, 50, 75, 100 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மூலைகளில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

அப்போதும் பீஸ் வைக்கும் இடத்தில் அதிர்ந்தால் வெயிட் (காத்திருக்கும் கட்டளை) சேர்க்க வேண்டாம். அந்த ஒரு வரியில் மட்டும் ஏசிசி 80 (முடுக்கம் 80 சதவீதம்) கொடுத்தால் போதும்.