லாரியும் ட்ரெய்லரும் ஒரே வண்டிதான்: 1/24 மாடல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காண்டிநேவிய பாணி ஸ்கேனியா, பின்னால் மூன்று அச்சு ரீஃபர் (குளிர்சாதன) ட்ரெய்லர், இரண்டிலும் ஒரே கோடாக ஓடும் பெயின்ட். 1/24 அளவில், அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்காக, இட்டாலெரி கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வைத்து இப்படி ஒரு வண்டி கட்டத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் கேபினை எடுத்து மாதக்கணக்கில் இழைத்து இழைத்து முடிக்கிறார்கள். ட்ரெய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். கடைசியில் இரண்டையும் மாட்டிப் பார்த்தால் உயரம் ஒத்துவராது, நிறம் ஒத்துவராது, கோடு ஓரிடத்தில் முறிந்து நிற்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே மூலத்திலிருந்து வருபவை.

முதலில் அளவு. அமெரிக்க பீட்டர்பில்ட், கென்வொர்த் கிட்டுகளை ஏஎம்டி, ரெவெல் போன்றவை பெரும்பாலும் 1/25-இல் தருகின்றன. ஐரோப்பிய வண்டிகளை இட்டாலெரி 1/24-இல் தருகிறது. காதால் கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 13.6 மீட்டர் ட்ரெய்லர் 1/24-இல் 567 மி.மீ., 1/25-இல் 544 மி.மீ. அகலத்திலும் 4 மி.மீ. இடிக்கும். கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் பக்கச் சுவர் நேராக நிற்காவிட்டால் எந்த பெயின்ட்டாலும் அதை மறைக்க முடியாது. வாங்கும்போதே பெட்டியின் மூலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். சக்கரத்தையும் விளக்கையும் வேறு அளவிலிருந்து எடுக்கலாம். உடம்பை மட்டும் கலக்க வேண்டாம்.

அடுத்தது உயரம். பெரும்பாலான கிட்டுகள் கெட்டுப்போவது இங்கேதான். நிஜ வண்டியில் ஃபிஃப்த் வீல் (ட்ரெய்லரை மாட்டும் வட்டத் தட்டு) தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1/24-இல் அது 48 மி.மீ. ஷோ வண்டி போலத் தாழ்ந்து நிற்க வேண்டும் என்று முன் ஸ்பிரிங்கை வெட்டி இறக்குகிறார்கள், பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சேசிஸ் முன்னால் சரிந்து, ஃபிஃப்த் வீலும் சாய்ந்துவிடுகிறது. முன்னும் பின்னும் சேர்த்து இறக்கினால் அடுத்த சிக்கல்: கிங் பின் (அந்தத் தட்டில் மாட்டும் ட்ரெய்லரின் முளை) 1 மி.மீ. தாழ்ந்தாலே 567 மி.மீ. நீளத்தில் கிட்டத்தட்ட 2 மி.மீ. சரிவு தெரியும். கிங் பின்னுக்கும் பின் அச்சுகளின் நடுவுக்கும் இடையே 320 மி.மீ.தான் இருக்கிறது. அதைத் தாண்டி நீளும் உடம்பு அந்தச் சரிவைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே லாரியை எவ்வளவு இறக்குகிறீர்களோ அதற்கு ஏற்ப ட்ரெய்லர் அச்சுகளையும் இறக்கியாக வேண்டும். பசை போடுவதற்கு முன், எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஒரு கண்ணாடிப் பலகையில் நிறுத்தி, ட்ரெய்லரின் அடி விளிம்பை முன்னும் பின்னும் ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

திரும்பும் இடமும் இதோடு சேர்ந்ததே. ஐரோப்பிய விதிப்படி கிங் பின்னிலிருந்து ட்ரெய்லரின் முன் மூலை வரை 2.04 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 1/24-இல் 85 மி.மீ. எனவே கேபினின் பின்சுவரும் பக்கவாட்டு ஏர் டிஃப்ளெக்டரும் ஃபிஃப்த் வீல் நடுவிலிருந்து அந்த 85 மி.மீ. வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ட்ரெய்லரின் முன்சுவரில் மாட்டும் குளிர்சாதன இயந்திரமும் அந்த வட்டத்துக்குள் அடங்க வேண்டும். சுவரின் நடுவில் அதற்குக் கிடைப்பது 18 மி.மீ. ஆழம்தான். காம்பஸால் ஒரு அட்டையில் வட்டம் வரைந்து வெட்டி, ஃபிஃப்த் வீல் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் கேபினுக்குப் பின்னால் குரோம் பைப்பும் விளக்குக் கம்பியும் நிறுத்தினால், ஷோகேஸில் வண்டியைச் சற்றே திருப்பி வைக்கும்போது முதலில் உடைவது அவைதான்.

4×2 (இரண்டு அச்சு) சேசிஸை 6×2 (மூன்று அச்சு) ஆக நீட்டுபவர்கள் இரண்டு பக்கச் சட்டத்தையும் ஒரே இடத்தில் வெட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் அந்த இடம் கீல் போல ஆகிவிடும். இடது வெட்டும் வலது வெட்டும் 15 மி.மீ. ஆவது தள்ளியிருக்கட்டும். சட்டத்தின் உட்பள்ளத்தில் 30 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை ஒட்டுங்கள். கண்ணாடிமேல் கனம் வைத்து ஓர் இரவு முழுக்க விடுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு துண்டு காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே அளவு பிடிமானத்தோடு வர வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அதை இப்போதே சரிசெய்ய வேண்டும், பெயின்ட்டுக்குப் பிறகு வழியில்லை.

ஒட்டுவதில் இரண்டு எச்சரிக்கை. குரோம் முலாம் மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டிவிடுங்கள். ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களுக்கும் அந்தப் பசை வேலை செய்யாது, சூப்பர் குளூதான் வேண்டும். ஆனால் அதே சூப்பர் குளூவைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோனால் அதன் ஆவி படிந்து ஜன்னலெல்லாம் வெள்ளையாக மங்கிவிடும். ஜன்னலுக்கு வெள்ளைப் பசை போதும்.

பெயின்ட்

வார்ப்பில் வரும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் ப்ரைமர் அடிப்பது முதல் தவறு. பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பட்டி பார்த்த இடத்தை 400, 600 உப்புத்தாளில் தேய்த்து, ப்ரைமர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, 1000-இல் லேசாகத் தடவுங்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வரும் கிட் என்றால் மேலே அடிக்கும் வெள்ளைக்குள் சிவப்பு கசிந்து இளஞ்சிவப்பாகும். ப்ரைமருக்கு மேல் ஒரு வெள்ளிப் பூச்சு கொடுத்துவிட்டு வெள்ளை அடித்தால் கசிவு நிற்கும்.

எந்த பெயின்ட் மேல் எது என்பதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். லாக்கர் (தின்னர் கடுமையானது, சீக்கிரம் காய்வது) மேல் எனாமல் (தின்னர் மென்மையானது, மெதுவாகக் காய்வது) போகலாம். எனாமல் மேல் லாக்கர் போனால் அடியில் உள்ளது சுருங்கிச் சுருக்கம் விழும். எண்ணெய்க் கறை, தூசி போன்ற வேலைகளை எனாமலில் செய்வதாக இருந்தால் லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) முழுதாகக் காய்ந்த பிறகே செய்ய வேண்டும்.

அளவு போதாமல் போவது ட்ரெய்லரில் மட்டும் வரும் தலைவலி. டாமியா டிஎஸ் ஸ்ப்ரே கேன் 100 மி.லி. இரண்டு மூன்று 1/24 கார் உடம்புக்குப் போதும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ரீஃபர் பெட்டியின் பரப்பு கிட்டத்தட்ட 0.2 சதுர மீட்டர், ஒரு கார் உடம்பைப் போல ஆறேழு மடங்கு. ஒரு கேனோடு உட்கார்ந்தால் பாதி வேலை முடியுமுன்பே தீர்ந்துவிடும். கேபினையும் சேர்த்து மூன்று கேன் ஒரே நேரத்தில் வாங்குங்கள். நீங்களே கலக்கும் நிறம் என்றால் இரண்டுக்கும் தேவையானதை ஒரே பாட்டிலில் கலந்துவிடுங்கள். மறுபடி அதே நிறத்தைக் கலந்து எடுப்பது நடக்காத காரியம்.

மெட்டாலிக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அலுமினியத் துகள் ஈரமான பூச்சில் படுத்துக்கொள்ளும், வறண்ட பூச்சில் தாறுமாறாக நிற்கும். அதனால் ஒரே பாட்டில் பெயின்ட்கூட இரண்டு நிறமாகத் தெரியும். கேபினை நிறுத்தி வைத்தும் ட்ரெய்லர் சுவரைப் படுக்க வைத்தும் அடித்தால் வெயிலில் வேறுபாடு உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒரே அடி நிறத்தின் மேல், நிற்கும் நிலையிலேயே, ஒரே தூரத்தில், ஒரே நாளில் அடியுங்கள். ஏர்பிரஷ் என்றால் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, கை சுவரின் விளிம்புக்கு வெளியே தொடங்கி மறு விளிம்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். சுவருக்குள் நிறுத்தித் திரும்பினால் அந்த இடம் கருத்துவிடும். கேண்டி நிறம் (அடியில் உள்ளது தெரியும் ஒளி ஊடுருவும் நிறம்) என்றால் கேபினிலும் ட்ரெய்லரிலும் அடித்த பூச்சு எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால், பெயின்ட் ஆறும்போது ஈரம் படிந்து பால் போல வெளுக்கும். வெளுத்த இடத்தில் ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரைப் பனிபோல் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் அடிக்காமல் இருப்பதே நல்லது. எந்த நாளானாலும் கரிமப் புகை வடிகட்டும் முகமூடி இல்லாமல் லாக்கரைத் தொடாதீர்கள், துணி மாஸ்க் அதற்கு உதவாது.

கேபினிலிருந்து ட்ரெய்லருக்கு ஓடும் கோடு

கேபினில் தனியாகவும் ட்ரெய்லரில் தனியாகவும் அளந்து டேப் ஒட்டினால் கோடு சேரவே சேராது. இரண்டையும் மாட்டி, கண்ணாடிமேல் நேர்கோட்டில் நிறுத்துங்கள். ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, முனை வேண்டிய உயரத்தில் நீளும்படி இறுக்கிக் கட்டுங்கள். கட்டையைக் கண்ணாடிமேல் நகர்த்திக்கொண்டே போனால் கேபின் கதவிலிருந்து ட்ரெய்லர் பின்கதவு வரை ஒரே உயரத்தில் மெல்லிய கோடு விழும். சாய்ந்த கோடு என்றால் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அது தொடும் இடங்களில் புள்ளி வையுங்கள்.

பிறகு 1 மி.மீ. டேப்பால் விளிம்பு, அகல டேப்பால் மற்ற இடம். டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தி, மேல் நிறத்தை அடிப்பதற்கு முன் அடியில் உள்ள நிறத்தையே ஒரு மெல்லிய பூச்சாக அடியுங்கள். டேப்புக்கு அடியில் எங்கே கசிந்தாலும் அதே நிறம்தான் கசியும், யாருக்கும் தெரியாது. மேல் நிறம் அடித்து அரைமணி நேரத்துக்குள், டேப்பை அதன் மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். மறுநாள் வரை விட்டால் விளிம்பு பெயர்ந்து பல் பல்லாக வரும்.

டீகாலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) பளபளப்பான கிளியர் மேல் மட்டும் ஒட்டுங்கள். பளபளப்பில்லாத பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாகத் தெரியும். வீட்டில் இங்க்ஜெட் பிரின்டரில் அச்சடிக்கும் பெயர்ப் பலகைகளுக்கு வெள்ளை மை கிடையாது. கருநீல ட்ரெய்லரில் அவை கண்ணுக்கே தெரியாமல் போகும். வெள்ளைத் தாள் டீகாலில் அடித்து ஓரம் வெட்ட வேண்டும், தண்ணீரில் போடுமுன் கிளியர் பூச வேண்டும். டீகால் மேல் லாக்கர் கிளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டீகால் சுருண்டுவிடும். முதல் இரண்டு பூச்சு தூறல் போல, பத்து நிமிட இடைவெளியில். அதன் பிறகே ஈரப் பூச்சு.

விளக்கு போடுவதாக இருந்தால் துளைகளை ப்ரைமருக்கு முன்பே போட்டுவிடுங்கள். கேபின் உட்புறத்தைக் கறுப்பு அடித்து மேலே வெள்ளை அடிக்காவிட்டால் கூரை வழியாக வெளிச்சம் ஊடுருவும். லாரிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் மின்சாரம் போக வேறு வழி தேட வேண்டாம்: சிவப்பும் மஞ்சளுமான காற்றுக் குழாய்ச் சுருள்கள் எப்படியும் தேவை. 0.4 மி.மீ. எனாமல் செப்புக் கம்பியை 1.5 மி.மீ. டிரில் பிட்டில் சுற்றி எடுத்து அந்த நிறங்களை அடித்தால் குழாயும் ஆச்சு, வயரும் ஆச்சு.

கடைசியாக டயர். கிட்டில் வரும் மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் வருடக்கணக்கில் பிளாஸ்டிக் ரிம்மைக் கரைத்துவிடும். ட்ரெய்லரோடு சேர்த்துக் குறைந்தது பன்னிரண்டு சக்கரம் வரும், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். டயர் உட்காரும் இடத்தில் ஒட்டும் அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள்.