இதயச் செயலிழப்பு: நடை கைகூடியது சாப்பாட்டு நேரத்தை மாற்றிய பிறகு

எனக்கு இதயச் செயலிழப்பு இருக்கிறது; இதயம் நின்றுவிடுவது அல்ல, உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் செலுத்த முடியாத நிலை. மாத்திரைகள் ஒழுங்காகப் போயும் மாலை நடை மட்டும் கைகூடவில்லை. தெருமுனைக்குள் மூச்சு வாங்கியது. பிசியோதெரபிஸ்ட் கேட்ட முதல் கேள்வியே, "மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எவ்வளவு?" என்பதுதான்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் செரிமானத்துக்காகக் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போக வேண்டும். ஆரோக்கியமான இதயம் வேகம் கூட்டிச் சமாளித்துவிடும். பலவீனமான இதயத்துக்குக் குடலையும் கால் தசையையும் ஒரே நேரத்தில் கவனிப்பது பெரும்பாடு. இதை யாராவது முன்பே விளக்கியிருக்கலாம் என்று இன்றும் ஆதங்கம் உண்டு.

கடை வேலையால் 3 மணிக்குத் தள்ளிப்போன முழுச் சாப்பாட்டை 12.30க்கு மாற்றி, அளவையும் பாதியாக்கினேன். 4 மணிக்குக் கொஞ்சம் சுண்டல், 5.30க்கு நடை. வெறும் வயிற்றில் நடந்தால் எனக்குத் தலை சுற்றும், அதனால்தான் சுண்டல். இரவு இட்லி 7.30க்குள். உப்பு அதிகம் என்பதால் அப்பளம், ஊறுகாய் கிடையாது.

இப்போது 6 நிமிட நடைச் சோதனையை (6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது) நிற்காமல் முடிக்கிறேன். காலையில் எடை பார்ப்பதையும் விடுவதில்லை. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் தேங்குவதாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள்.