வெளிநாட்டுப் பயண அனுமதி: யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு

மாநாட்டு அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் விமானச்சீட்டு வாங்க ஓடாமல், முதலில் கடவுச்சீட்டை எடுத்துக் கடைசித் திகதியைப் பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டுமெனப் பல நாடுகள் கேட்கின்றன.

விண்ணப்பம் துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர் என ஒவ்வொரு மேசையாக நகர்ந்து துணைவேந்தரை அடைய வேண்டியிருப்பதால், அழைப்புக் கடிதம், செலவை ஏற்பவர் யார் என்ற விபரம், நீங்கள் இல்லாத நாட்களில் விரிவுரைகளை எடுக்க ஒப்புக்கொண்டவரின் கையொப்பம் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே இணைத்துவிடுங்கள். கோப்பு பெரும்பாலும் திரும்பி வருவது அந்த மூன்றாவது தாள் இல்லாமையால்தான்.

காப்புறுதியைச் சடங்காக எண்ண வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மஞ்சட் காய்ச்சல் பரவும் நாட்டுக்குச் செல்வதாயின், தடுப்பூசி ஏற்றி 10 நாட்களின் பின்பே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானம் ஏறுவதானால், யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் இரவுப் பேருந்து தாமதிக்கக்கூடும். முதல்நாளே போய்விடுவது நல்லது. மாணவரை அழைத்துச் செல்வோர், மாணவர் ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பீட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கைபேசி மின்னின்றி அணைந்த வேளையில் அந்தத் தாளே உதவும்.