பொது அறிவிப்புக்கு முன் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்

ஷிஃப்ட் நேரமோ விடுப்பு விதியோ மாறினால், பல நிறுவனங்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடுகின்றன. அதைப் படித்த ஊழியர் நேராகப் போய்க் கேட்பது தன் மேற்பார்வையாளரிடம்தான். அவரே "எனக்கும் இப்போதுதான் தெரியும்" என்று கையை விரித்தால், அப்புறம் வதந்திதான் பரவும். அதனால் ஒரு நாள் முன்பாவது மேற்பார்வையாளர்களை உட்காரவைத்து விளக்கிவிடுங்கள். ஊழியர்கள் கேட்கப்போகும் கேள்விகள் பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். பதில்களை அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

முதல் வரியிலேயே விஷயம் வரட்டும். "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" என்று தொடங்காதீர்கள். "திங்கள் முதல் காலை ஷிஃப்ட் 7 மணிக்குத் தொடங்கும், நிறுவனப் பேருந்தும் அரை மணி நேரம் முன்னதாகவே வரும்" என்றால் யாருக்கும் புரியும். ஏன் இந்த மாற்றம் என்பதை அடுத்த வரியில் உள்ளபடியே சொல்லுங்கள்.

முடிவாகாததை மூடி மறைக்க வேண்டாம். "ஓவர்டைம் கணக்கு இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமை சொல்கிறோம்" என்றால் போதும். ஆனால் முடிவு வராவிட்டாலும், வெள்ளிக்கிழமை அதையாவது சொல்லியே ஆக வேண்டும்.

கணினி முன் உட்காராதவர்களுக்கு மின்னஞ்சல் உதவாது. ஷிஃப்ட் தொடங்கும்போது நேரில் சொல்லி, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.